விளிம்புக்கு வராத புழு

உங்கள் ஜன்னல் வடக்குப் பார்த்தது. நேர் வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் நாள் முழுக்க ஒரே சீராக வரும். மைக்ராஸ்கோப் வைக்க இவ்வளவு நல்ல இடம் எங்கள் ஆராய்ச்சி நிலையத்திலேயே கிடையாது. காலையில் இங்கே உட்காரவைத்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தப்பித்துப் போக வழி பார்ப்பதாக நினைத்துக் காவலரை ஜன்னல் பக்கம் நிற்க வைத்துவிட்டீர்கள். பாவம், அவருக்கும் கால் வலிக்கும். உட்காரச் சொல்லுங்கள்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். பத்தொன்பது வருடமாகப் பட்டுப்புழு நோய்ப் பிரிவில் இருக்கிறேன். பார்த்ததைப் பார்த்தபடி தேதி போட்டு எழுதுவதுதான் அங்கே என் வேலை, அதனால் இதில் கூட்டிக் குறைத்து எதுவும் இருக்காது. ஒரே ஒரு வேண்டுகோள். செய்தித்தாளில் வந்ததுபோல ‘அக்கா மீதிருந்த பகையால்’ என்று நீங்களும் எழுதிவிடாதீர்கள். எனக்கு அவள்மேல் எந்தப் பகையும் கிடையாது. அம்மா போனபோது எனக்கு மூன்று வயது, அக்காவுக்குப் பதினைந்து. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள். எனக்குச் சோறு ஊட்டிய கை அது. நான் நன்றி கெட்டவன் இல்லை.

முதலில் நோயைச் சொல்ல வேண்டும். பட்டுப்புழுவுக்கு வரும் நோய்களில் பால் நோய் என்று ஒன்று உண்டு. வைரஸால் வருவது. புழுவின் உடம்பு உப்பும், தோல் மெலிந்து பளபளக்கும், உள்ளே இருப்பதெல்லாம் கரைந்து பாலாகும். கடைசியில் தோல் கிழிந்து அந்தப் பால் சொட்டும். ஒரு சொட்டில் இருக்கும் வைரஸ் ஒரு தட்டுப் புழுவையும் கொல்லப் போதும். இதற்கு மருந்து கிடையாது. நோய்கண்ட புழுவைச் சீக்கிரம் கண்டுபிடித்து எடுத்துச் சுண்ணாம்பில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நல்ல புழு நடக்காது. இலை போட்டால் தின்னும், தின்று முடித்தால் சும்மா கிடக்கும், எங்கள் அலுவலகத் தலைமை எழுத்தரைப் போல. நோய் வந்த புழு மட்டும் இலையை விட்டுவிட்டு நடக்க ஆரம்பிக்கும். தட்டின் விளிம்பில் ஏறிச் சுற்றிச் சுற்றி வரும். மணிக்கணக்கில் வரும். நான் வரைபடத் தாளில் அதை நடக்கவிட்டு அளந்திருக்கிறேன். பிறகு விளிம்பிலிருந்து தலைகீழாகத் தொங்கி, உடைந்து, கீழ்த் தட்டுகளில் சொட்டும். புழு வளர்ப்பவர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். அதனால் அவர்கள் விளிம்பைத்தான் பார்ப்பார்கள். விளிம்பில் புழு நடந்தால் அதை எடுத்துப் போட்டுவிட்டு, பிளீச்சிங் தண்ணீரில் கை கழுவிய பிறகுதான் அடுத்த தட்டைத் தொடுவார்கள். விளிம்பு காலியாக இருந்தால் கை கழுவ வேண்டியதில்லை. இதை எழுதி வைத்த புத்தகம் எதுவும் கிடையாது, ஆனால் எங்கள் தெருவில் அக்கா வீட்டைச் சேர்த்து இருபத்தாறு வீட்டிலும் இதுதான் சட்டம்.

அந்தச் சட்டத்துக்கு அக்காதான் நீதிபதி. அவளைத் தெருவில் கண்ணக்கா என்பார்கள். வாசற்படியில் நின்றபடி ஒரு பார்வை பார்ப்பாள். “மூணாவது அடுக்கு, இடது மூலை, ஒண்ணு கிளம்பிடுச்சு பாரு” என்பாள். போய்ப் பார்த்தால் அந்த மூலையில் ஒரு புழு அப்போதுதான் தலையைத் தூக்கிக்கொண்டிருக்கும். புழுக்கள் நான்காவது தடவை தோலுரித்து முடிக்கும் சமயத்தில் எல்லா வீட்டிலிருந்தும் அவளுக்கு அழைப்பு வரும். காலையில் கிளம்பினால் ஒவ்வொரு வீடாக நுழைந்து, தட்டு தட்டாக இழுத்துப் பார்த்து, இலையைக் கலைத்துவிட்டு வருவாள். கைராசிக்காரி, அவள் கை பட்டால் கூடு கெட்டியாக இருக்கும் என்றுகூடச் சொல்வார்கள். ஒரு வாய்த் தண்ணீரைத் தவிர யாரிடமும் எதையும் வாங்கிக்கொள்ள மாட்டாள்.

எனக்கும் தெருவில் ஒரு பெயர் உண்டு. பூதக்கண்ணாடி. அவசரத்துக்குப் பூதம் என்று சுருக்கியும் கூப்பிடுவார்கள். அது வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், நீங்களாகத் தோண்டி எடுத்து அதைப் பெரிதாக்கிவிடக் கூடாது. மூன்று வருடத்துக்கு முன்னால் தெருக்காரர்கள் ஒரு தட்டுப் புழுவைப் பரிசோதிக்கக் கொடுத்தார்கள். நான் இருபது ஸ்லைடு பார்த்துவிட்டு, நோய் இல்லை என்று அறிக்கை கொடுத்தேன். அதைப் படித்துக் காட்ட டீக்கடை வாசலில் கூடியிருந்தார்கள். எங்கள் பிரிவுத் தலைவரும் வந்திருந்தார். அந்தப் பக்கமாக இலைக்கட்டோடு வந்த அக்கா தட்டை ஒரு பார்வை பார்த்தாள். “இது பால் நோய்தான், நாளைக்குக் கிளம்பும்” என்றாள். மறுநாள் விளிம்பில் பதினொரு புழு. டீக்கடைக்காரர், “தம்பி, அந்த பூதக்கண்ணாடிய அக்காகிட்ட குடுத்துட்டு நீ டீ ஆத்த வந்துடு” என்றார். விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிரிவுத் தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

அக்கா சிரிக்கவில்லை. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள், “விடுங்க, சின்னப் பையன்” என்றாள். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

அதெல்லாம் பழைய கதை. நான் அதை அன்றே மறந்துவிட்டேன். வேலையில் இறங்கினேன். இந்த வைரஸுக்கு நூற்று நாற்பதுக்குச் சற்றுக் குறைவாக மரபணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது எங்கள் முறை. ஒன்றை நீக்கினால் வைரஸ் பெருகவே பெருகாது. இன்னொன்றை நீக்கினால் புழு இரண்டு நாள் தள்ளிச் சாகும். நான் கைவைத்தது வேறொன்றில். அதை நீக்கிய வைரஸைக் கொடுத்தால் புழு உப்பியது, பளபளத்தது, பாலானது, செத்தது. ஆனால் நடக்கவில்லை. இலைக்கு அடியில் கிடந்த இடத்திலேயே கிடந்து உடைந்தது. அதுவரை நோயாளிப் புழு தவித்துப்போய் நடக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். புழு தானாக நடப்பதில்லை. தன்னை நாலு இடத்துக்குக் கொண்டுபோக வைரஸ்தான் அதை நடத்துகிறது. அதற்கென்றே ஒரு மரபணுவை வைத்திருக்கிறது. இதைக் கண்டபோது நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

பிரிவுத் தலைவர் அறிக்கையைப் புரட்டினார். “நல்லா இருக்கு. ஆனா நடக்காத வைரஸ் பரவாது. பத்துத் தட்டு அடுக்குல மேல் தட்டுல வெச்சீங்க, மேல் தட்டோட போச்சு. இது தானா ஒழிஞ்சு போற வைரஸ். இத வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அடுத்த மரபணுவுக்குப் போங்க” என்றார். இரண்டரை வருட உழைப்பு. அவர் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் ஒழிந்துபோனது.

அவர் சொன்னதில் ஒரு பிழை இருந்தது. ஆய்வுக்கூட அடுக்கில் புழு மட்டும்தான் இருக்கிறது. வெளியே, வீடுகளில், மனிதர்கள் இருக்கிறார்கள். விளிம்பில் புழு வரவில்லையென்றால் அவர்கள் தட்டை நம்புவார்கள், கையைக் கழுவமாட்டார்கள், அடுத்த தட்டைத் தொடுவார்கள். புழு நடக்காவிட்டால் என்ன, நடக்க வேறொருவர் இருந்தால் போதும். இதைச் சொன்னால் அவர் நம்பப்போவதில்லை. செய்து காட்ட வேண்டும். ஒவ்வொரு வீடாக நடப்பவர் யார் என்று நான் தேடவேண்டி இருக்கவில்லை. அவளுடைய வீட்டு மாடி அறையில்தான் நான் குடியிருக்கிறேன்.

அக்காவின் புழுக்கள் மூன்றாவது தோலுரிப்பு முடிந்த அன்று காலை, அவள் இலை பறிக்கப் போயிருந்தபோது கீழே இறங்கினேன். பத்து இலைகளில் மெல்லிய தூரிகையால் வைரஸ் தண்ணீரைத் தடவி, கடைசி அடுக்கின் ஒரு மூலையில் வைத்தேன். ஒரு தட்டின் ஒரு மூலை மட்டும்தான். அவள் தட்டுகள் அத்தனையிலும் நான் வைத்துவிட்டதாகத் தெருவில் சொல்கிறார்கள், அது பொய். வேலை முடிந்ததும் தூரிகையை நெருப்பில் போட்டேன், கையைப் பிளீச்சிங் தண்ணீரில் முழங்கைவரை கழுவினேன். பதிவேட்டில் தேதியும் நேரமும் குறித்தேன். ‘பரப்புவது’ என்று ஒரு கட்டம் இருக்கும், வழக்கமாக அதில் புழு என்று எழுதுவோம். அதில் அக்கா என்று எழுதினேன். பதிவேடு உங்களிடம்தானே இருக்கிறது, பாருங்கள்.

ஆறாவது நாள் காலை, நான் அலுவலகம் கிளம்பிக்கொண்டிருந்தபோது அக்கா மாடிக்கு வந்தாள். மூட்டு வலியால் அவள் படி ஏறுவதே இல்லை. கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம், அதில் தண்ணீர்.

“தம்பி, தட்டு சுத்தம் பண்ணேன். கடைசி அடுக்குல அடி இலையெல்லாம் ஈரமா இருக்குடா. தொட்டுப் பாத்தா பால் மாதிரி இருக்கு.”

“விளிம்புல வந்திருக்கா?”

“ஒண்ணுகூட வரல. ரெண்டு நாளா பாக்கறேன். அதான் எனக்கே ஒண்ணும் புரியல.” கிண்ணத்தை நீட்டினாள். “கை கழுவின தண்ணி. கொஞ்சம் பாத்து சொல்றியா?”

நாற்பது வருடத்தில் அக்கா என்னிடம் ஒரு விஷயத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சாப்பிட்டாயா, தலை துவட்டினாயா என்று கேட்பதையெல்லாம் நான் கணக்கில் சேர்க்கவில்லை. தனக்குத் தெரியாத ஒன்றை, எனக்குத் தெரியும் என்று நம்பிக் கேட்டாள்.

மாடி அறையில் என் பழைய மைக்ராஸ்கோப் இருக்கிறது. ஒரு சொட்டு எடுத்து வைத்துப் பார்த்தேன். இந்த வைரஸ் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது தன்னைப் படிகங்களுக்குள் பொதிந்து வைத்துக்கொள்ளும், அந்தப் படிகங்கள் மைக்ராஸ்கோப்பில் தெரியும். கண்ணாடிமேல் சர்க்கரையைக் கொட்டியதுபோல் கிடந்தது. அக்கா என் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் அவசரப்படவில்லை. ஸ்லைடை இப்படியும் அப்படியும் நகர்த்தி, இரண்டாவது சொட்டும் வைத்துப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். இவ்வளவு நேரம் அவள் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

“சுத்தமா இருக்குக்கா. ஏதோ ஒரு புழு நசுங்கியிருக்கும்.”

“நல்லாப் பாத்தியா?”

“ரெண்டு தடவ பாத்துட்டேன்.”

அவள் பெருமூச்சு விட்டாள். “நீ சொன்னா சரிதான்” என்றாள். பிறகு இறங்கிப்போய், செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அன்று ஏழு வீடு. மறுநாள் எட்டு. அதற்கடுத்த நாள் ஏழு. எல்லா வீட்டிலும் விளிம்பு காலியாகத்தான் இருந்தது, அதனால் எந்த வீட்டிலும் அவள் கை கழுவவில்லை. மூன்று வீட்டுக்கு மட்டும் போகவில்லை. ஒன்றில் நாய் கடிக்கும். ஒன்றில் சாக்கடை விஷயமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கோடி வீட்டுக்காரி தன் புழுவை யாருக்கும் காட்டமாட்டாள், கண் பட்டுவிடுமாம். ஒரு சோதனைக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடாத தட்டுகள் சில வேண்டும். அதுவும் தானாகவே அமைந்துவிட்டது.

நடுவில் ஒருநாள் சாப்பாடு போடும்போது அக்கா தானாகவே பேச்செடுத்தாள். “உன்கிட்ட காமிச்சது நல்லதாப் போச்சுடா. இல்லன்னா பயந்துகிட்டு யார் வீட்டுக்கும் போயிருக்க மாட்டேன்.” எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அதைத் தின்றபோது எனக்குத் தொண்டையில் எதுவும் அடைக்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன்.

கூடு கட்ட இரண்டு நாள் இருக்கும்போது தெரு முழுக்க உடைந்தது. இருபத்துமூன்று வீடு, மூன்று நாளுக்குள். விளிம்பில் ஒரு புழு கிடையாது. இலையைத் தூக்கினால் அடியில் எல்லாம் வெள்ளைக் குழம்பு. தட்டெல்லாம் அதில் ஊறிக் கிடந்தது. நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டுகளை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். நாய் வீடு, சாக்கடை வீடு, கோடி வீடு மூன்றிலும் புழுக்கள் அழகாகக் கூடு கட்டின. நான் மாடியில் நின்று குறித்துக்கொண்டேன். நடக்காத வைரஸ் இவ்வளவு சுத்தமாகப் பரவும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. சாதாரணப் பால் நோய் வந்திருந்தால் முதல் வாரத்திலேயே விளிம்பில் பார்த்துப் பிடித்திருப்பார்கள், ஐந்து வீட்டைத் தாண்டியிருக்காது.

யார் கொண்டுவந்தது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு மைக்ராஸ்கோப் தேவைப்படவில்லை. டீக்கடைக்காரர் கரித்துண்டால் சுவரில் தெருவை வரைந்து, அக்கா போன வீடுகளைக் கட்டம் கட்டினார். போகாத மூன்றை விட்டார். அவ்வளவுதான். சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் வாசலுக்கு வந்தார்கள். யாரும் கையை ஓங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, அவள் பிரசவத்தையே பார்த்தது அக்காதான், அவள்தான் பேசினாள்.

“எங்க வீட்டுக்கு ஏன்க்கா வந்தே? நாங்க உனக்கு என்ன கெடுதல் பண்ணோம்? உன் கைராசிய உன்னோடவே வெச்சிருக்கக் கூடாதா?”

அக்கா திண்டாடிப்போனாள். “விளிம்புல ஒண்ணும் இல்லையேம்மா... தம்பி பாத்து சொன்னானே...” என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்வது? “அன்னிக்கு சுத்தமாத்தான் இருந்துச்சு. அப்புறம் எங்க தொட்டாங்களோ எனக்குத் தெரியாது” என்றேன். பூதம் என்று அன்று யாரும் கூப்பிடவில்லை. டீக்கடைக்காரர், “சார் சொல்றது சரிதான்” என்றார்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். அவள் கை கழுவ ஆரம்பித்தாள். காலையில் எழுந்ததும் பிளீச்சிங் தண்ணீர், சமைக்கும் முன்னால், சமைத்த பின்னால், என் தட்டைத் தொடும் முன்னால். பத்து நாளில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்துவிட்டது. அவள் மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், விடுமுறையில் வந்தவள், “அம்மா, கைதானே, அது என்ன பாவம் செஞ்சுது, விடும்மா” என்று கெஞ்சிப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனாள். அக்கா ஒரு நாளைக்கு எத்தனை முறை கழுவுகிறாள் என்பதும் பதிவேட்டில் இருக்கிறது. அதை ஏன் குறித்தேன் என்று எனக்குத் தெரியாது. பழக்கதோஷம்.

பதினோராவது நாள் மத்தியானம் மறுபடி மாடி ஏறி வந்தாள். அதே கிண்ணம்.

“இன்னொரு தடவ பாருடா. போயிடுச்சான்னு மட்டும் சொல்லு. போயிடுச்சுன்னா நானே வீடு வீடாப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு, பழையபடி...” கிண்ணத்தை நீட்டினாள்.

பார்த்தேன். ஒன்றும் இல்லை. செத்த தோல் துணுக்குகள் மிதந்தன, ஒன்றிரண்டு நூல். படிகம் ஒன்றுகூட இல்லை. பத்து நாள் பிளீச்சிங்கில் ஊறிய கையில் எதுவும் இருக்க வழியில்லை. இருந்தாலும் நான் பத்து நிமிடம் பார்த்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அவள் கண் என் முகத்தை விட்டு நகரவே இல்லை. தெருவையே பார்வையால் அளந்த கண்.

“இருக்குக்கா.”

“எவ்வளவு?”

“நிறைய.”

இதற்கு என்ன காரணம் என்று நேற்று நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். சோதனைதான் முடிந்துவிட்டதே என்றீர்கள். நானும் யோசித்தேன். அவள் மறுபடி வீடு வீடாகப் போகக் கூடாது, தெரு நன்றாக இருக்க வேண்டும், அதற்காகச் சொன்னேன் என்று முதலில் சொன்னேன். நீங்கள் அதை நம்பவில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். சரி, அடுத்ததைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எதுக்குத்தான்டா அது சாகும்?” என்று கேட்டாள்.

நான் அவளிடம் பொய் சொல்லவில்லை. “சுண்ணாம்புக் கல்ல தண்ணி ஊத்தி நீத்தும்போது வருமே ஒரு கொதி, அதுல நிச்சயமா சாகும்” என்றேன். எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். நான் கையைப் பற்றிச் சொல்லவில்லை. அவளும் கையைப் பற்றிக் கேட்கவில்லை. தலையாட்டிக்கொண்டாள். “சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், ஆறிடும், சாப்பிடு” என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைத் தொடாமல் படி இறங்கினாள். என் கை படும் இடம் என்பதால் அதைத் தொடவில்லை.

கீழே புழு வளர்க்கும் கொட்டகையில் சுண்ணாம்பு டின் இருக்கிறது. அதன் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. தொட்டியில் கற்கள் விழும் சத்தம். பிறகு தண்ணீர். சுண்ணாம்பு நீறும் சத்தத்தை நான் சிறு வயதிலிருந்து கேட்டவன், எனக்கு எப்படித் தெரியாமல் இருக்கும். நான் லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் ஓடியிருப்பேனோ என்னவோ. லென்ஸை உறையில் போட்டு, பதிவேட்டில் அன்றைய வரியை எழுதி முடித்துவிட்டு இறங்கினேன். அதற்குள் டீக்கடைக்காரர் ஓடி வந்து அவளைத் தொட்டியிலிருந்து பிரித்து எடுத்திருந்தார். வாசலில் நின்றவர்கள் வாயில் முந்தானையை வைத்து அழுதுகொண்டிருந்தார்கள். இத்தனை நாள் அவளுக்குக் கதவைத் திறக்காதவர்கள்தான்.

வலது கையில் இரண்டு விரல் மிச்சம். இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. உங்கள் கோப்பில் படம் இருக்கிறது, நான் பார்க்க விரும்பவில்லை என்று சொன்னதைக் கோழைத்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி அக்கா மகள். கெட்டிக்காரப் பெண். அவள் ஒருத்திதான் இந்த விவகாரத்தில் முறைப்படி வேலை செய்தவள், அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஒன்பது நாள் கழித்துச் சீருடையோடு மாடிக்கு வந்தாள். சின்னக் கண்ணாடிப் புட்டியில் தண்ணீர்.

“மாமா, அம்மாவுக்குப் புண்ணு கழுவின தண்ணி. இப்பவாவது போயிடுச்சான்னு உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாங்க.”

“அக்காவா கேட்டா?”

“ஆமா. நீங்க சொன்னாதான் நம்புவாங்களாம்.”

பார்த்தேன். வட்டம் வெறுமையாக இருந்தது. புண் கழுவிய தண்ணீரில் எதுவுமே இல்லாமல் இருக்காது, ஒரு சீழ்த் துணுக்காவது இருக்கும். நான் இருந்த நிலையில் அது எனக்கு உறைக்கவில்லை. இத்தனை வருட அனுபவத்தில் ஒரு மாணவன்கூடச் செய்யாத பிழை.

“இன்னும் இருக்கும்மா” என்றேன்.

“எழுதிக் குடுங்க மாமா. அம்மாவுக்குக் காட்டணும்.”

நிலையத்தின் தாளில் எழுதி, மிகுதி என்று குறித்து, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அவள் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். பிறகு சொன்னாள். “இது ஊசி மருந்து கலக்கற தண்ணி மாமா. மூடிய இப்ப உங்க வாசல்லதான் ஒடச்சேன். யார் கையும் படாதது.” அவள் கேள்வியே கேட்கவில்லை. மேசைமேல் இருந்த பதிவேட்டை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். நான் தடுக்கவில்லை.

ஆக, மூன்று தடவை. கை நிறைய வைரஸ் இருந்தபோது இல்லை என்றேன். இல்லாதபோது இருக்கிறது என்றேன். கையே இல்லாதபோதும் இருக்கிறது என்றேன். முதலாவது மரபணுவுக்காக. அதில் எனக்கு வெட்கம் கிடையாது. என் முடிவு சரி என்று இன்று பிரிவுத் தலைவருக்கும் தெரியும். மற்ற இரண்டையும் பற்றி நேற்று இரவெல்லாம் யோசித்ததில் இதுதான் கிடைத்தது. சுத்தம் என்று சொல்லியிருந்தால் அவள் எழுந்து போயிருப்பாள். மறுபடி தன் கண்ணால் பார்க்க ஆரம்பித்திருப்பாள். இருக்கிறது என்று சொன்னால்தான் போயிற்றா என்று கேட்க மறுபடி மாடி ஏறுவாள், பக்கத்தில் நிற்பாள், என் முகத்தைப் பார்ப்பாள். சின்னப் பையனின் முகத்தை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

அந்தப் பெண் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். முழுக்க உண்மை, ஒரு எழுத்தை மாற்ற வேண்டியதில்லை. ஒரே ஒரு வரியைத் தவிர. ‘அம்மா எதுவும் கேட்டனுப்பவில்லை, அதை நானாகச் சொன்னேன், ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அம்மா அவர் பேச்சையே எடுக்கவில்லை’ என்று இருக்கிறதே, அதில் மட்டும் அவள் பொய் சொல்கிறாள். கோபம், வேறென்ன. அக்கா கேட்டிருக்கிறாள். கட்டைப் பிரித்ததும் மறுபடி கேட்டனுப்புவாள். அதனால்தான் ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். என் மைக்ராஸ்கோப்பை இந்த மேசையில் கொண்டுவந்து வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வரும்போது நான் தயாராக இருக்க வேண்டும்.